யானைகளின் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தி

போளூரில் நின்று மேற்கே நோக்குவோர்க்கு நீல நிறத்தில் நீண்டு கிடப்பது ஜவ்வாது மலை. சந்தனத்திற்கும் தேனுக்கும் சாமைக்கும் பெயர்பெற்ற அம்மலையை நம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அறியும். ஆயினும் அங்குக் காட்டு யானைகள் வாழ்ந்ததாக நம் பாட்டனார் காலத்துப் பேச்சில் நாம் கேட்டதில்லை. 1980களில் ஓசூர், தருமபுரிக் காடுகளிலிருந்து கிழக்கு நோக்கி நகர்ந்த யானைகளுள் சில ஆந்திரத்தின் சித்தூர்ப் பகுதிக்கும், சில ஜவ்வாது மலைப் பக்கத்திற்கும் வந்து சேர்ந்தன. கரும்பும் வாழையும் நெல்லும் மிதிபட்டன. உழவர்கள் அஞ்சி வாழ்ந்தனர். 2013ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களில் திரிந்த ஆறு யானைகளை வனத்துறையினர் மயக்க ஊசி செலுத்திப் பிடித்து, லாரிகளில் ஏற்றி, முதுமலை, ஆனைமலை முகாம்களுக்குக் கொண்டு சென்றனர்.

யானையைக் கொல்லாமல் பிடிப்பதும், பிடித்த யானையைச் சாகாமல் காப்பதும் எளிய செயல்கள் அல்ல. தமிழகத்தில் அவ்விரண்டையும் வாழ்நாள் முழுதும் பயின்று பிறருக்கும் பயிற்றுவித்தவர்களுள் முதன்மையானவர் டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி. ஆறு யானைகள் பிடிபட்டபோது அவர் மறைந்து பத்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. எழுத்தாளர் ஜெயமோகன் எழுதிய ‘யானை டாக்டர்’ என்னும் கதை வழியாக இன்று அவரைப் பலர் அறிவர். கதையில் கற்பனைக்கும் இடமுண்டு. ஈண்டு அவர் செய்த பணியையே கூற விரும்புகிறேன்.

அவர் 1929ஆம் ஆண்டு பிறந்தவர். கால்நடை மருத்துவம் பயின்று அரசுப் பணியில் சேர்ந்தார். கால்நடை மருத்துவர் என்றால் மாட்டு வைத்தியர் என்று இளக்காரமாகப் பேசிய காலம் அது. இன்றும் அப்பேச்சு முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. பள்ளியில் நன்கு படிக்கும் பிள்ளை அப்படிப்பை விரும்பினால், வேறு இடம் கிடைக்கவில்லையா என்று வினவும் பெற்றோரை ஆசிரியையாக இருந்த நாள்களில் நான் நிரம்பக் கண்டிருக்கிறேன். உயிர்களை ஓம்புதலைத் தலையாய அறமாகக் கொண்ட நம்மவரிடையே இவ்வெண்ணம் இருப்பது வியப்பே.

ஆனைமலையின் டாப்சிலிப்பில் அந்நாளில் வனத்துறை யானைகள் தேக்கு மரங்களை இழுத்தன. ஒவ்வொரு யானைக்கும் பாகன் ஒருவரும், உதவிக்குக் ‘காவடி’ ஒருவரும் உண்டு. பெரும்பாலும் மலையில் பிறந்த பழங்குடி மக்களே அவர்கள். யானையின் நோயைப் பற்றி நூல்களில் இருந்தது சிறிது. பாகர்கள் அறிந்திருந்தது பெரிது. அவர்களிடமிருந்து கற்பதற்கு அவர் தயங்கவில்லை. நாள்தோறும் யானைகள் ஆற்றில் குளித்து வரும்போது உள்ளங்கால், நகம், கண், கயிறு உராயும் இடம் ஆகியவற்றைப் பார்ப்பது வழக்கமாயிற்று. யானைக்கு உள்ளங்காலில் ஏற்படும் சிறு புண்ணும் பெருந்துன்பமாகும். படுத்து நோய் தீர்க்க அதன் எடை இடங்கொடாது. நான்கு கால்களில் ஒன்று பழுதானாலும் நடந்து இரைதேட இயலாது.

மருந்தின் அளவை எடைகொண்டே கணக்கிடவேண்டும். காட்டில் யானையை நிறுப்பது எங்ஙனம்? முன்னங்காலடியின் சுற்றளவை இருமடங்காக்கினால் ஏறத்தாழத் தோள் உயரம் கிடைக்கும். உயரத்தைக்கொண்டு எடையை மதிப்பிடலாம். காட்டு யானையின் ஈரத்தடம் ஒன்றே போதும். இக்கணக்கை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொன்னால் கண்களை அகல விரிப்பார்கள்.

அவர் வற்புறுத்திய மற்றொரு வழக்கம், காட்டில் இறந்து கிடக்கும் யானையை அறுத்துப் பார்த்து இறப்பின் காரணத்தை எழுதி வைத்தல். தந்தத்திற்காகச் சுடப்பட்டதா, மின்சாரம் தாக்கியதா, நஞ்சா, நோயா என்பது உள்ளே பார்த்தாலன்றித் தெரியாது. காரணம் தெரியாவிடின் குற்றவாளியும் தப்புவான், நோயும் பரவும். பல நாள் அழுகி, புழு நெளியும் அப்பேருடலினுள் இறங்கி மணிக்கணக்கில் உழைத்தவர் அவர். நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் மூன்றாவதாகிய அருவருப்பின்மைக்கு உத்தாயன மன்னனை எடுத்துக்காட்டாக நாம் படிக்கிறோம். இம்மருத்துவரைப் பற்றிப் படிக்குந்தோறும் எனக்கு அம்மன்னனின் நினைவே வருகிறது.

மயக்க ஊசியைத் துப்பாக்கி வழியாகச் செலுத்தும் முறையைத் தமிழகத்தில் வளர்த்தவர்களுள் அவரும் ஒருவர். அளவு குறைந்தால் யானை வெகுண்டு ஓடும். மிகுந்தால் மூச்சு நின்றுவிடும். மயங்கும் யானை மார்பு நிலத்தில் படுமாறு விழுந்தால் தன் எடையாலேயே மூச்சு முட்டி இறக்கக்கூடும். ஆதலின் கும்கி யானைகள் இருபுறமும் நின்று அதனைத் தாங்குகின்றன. வெப்பம் ஏறாதிருக்க நீரை ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

1998இல் அவருடைய திறமைக்குப் பெருஞ்சோதனை வந்தது. கேரள எல்லையில் திரிந்த மக்னா, அதாவது தந்தமில்லாத ஆண் யானை ஒன்று, இருபதுக்கும் மேற்பட்ட மக்களைக் கொன்றது. கேரளத்தில் அதனைச் சுட்டுவிட ஆணை பிறந்தது. கூடலூர்ப் பகுதிக்குள் நுழைந்த அதனை உயிருடன் பிடிப்பதெனத் தமிழகத்தில் முடிவு செய்தனர். கிருஷ்ணமூர்த்தி பணி ஓய்வு பெற்றுப் பல்லாண்டுகள் கழிந்திருந்தன. அகவை எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. எனினும் அவர் முன்நின்றார். ஜூலை மாதத்தில் யானை பிடிபட்டது. அதன் உடலில் பழைய குண்டுக் காயங்கள் பல இருந்தன. மனிதரைக் கண்டால் அது ஏன் சீறியது என்பதற்கு அக்காயங்களே போதிய விடை எனக் கருதுகிறேன். புண்களைக் கழுவி மருந்திட்டு, நாள்தோறும் அருகிருந்து அவர் அதனைத் தேற்றினார். தெப்பக்காடு முகாமில் அந்த யானைக்கு அவர் பெயரையே சுருக்கி ‘மூர்த்தி’ என்று வைத்தார்கள். கொலை யானை எனப்பட்டது, பின்னர் அம்முகாமிலேயே சாதுவான யானைகளுள் ஒன்றாகப் பெயர்பெற்றது.

ஸ்ரீபுராணத்தில் பார்சுவநாதரின் முற்பிறவியாகிய வச்சிரகோஷம் என்னும் யானையின் வரலாறு உண்டு. வணிகக் கூட்டத்தை மிதித்துக் கொன்று வந்த அது, அரவிந்த முனிவரைக் கண்டு சினம் அடங்கி, விரதம் ஏற்றது. யானைக்கு மனம் உண்டென்றும், அது கேட்டுத் தெளியக்கூடிய ஐம்பொறி உயிரென்றும் நம் ஆகமங்கள் கூறுவதை, பாகர்கள் வேறு வழியில் அறிந்திருக்கிறார்கள்.

ஆயினும் ஒன்றை மறைத்தலாகாது. கொல்லாமை என்னும் அணுவிரதத்திற்கு அருங்கலச்செப்பு கூறும் ஐந்து அதிசாரங்களுள் முதலில் வருவது கட்டுதல். மிகுபாரம் ஏற்றுதலும், உணவு மறுத்தலும் அவற்றுள் அடங்கும். பிடிபட்ட காட்டு யானை, பாகன் கையால் கரும்பும் வெல்லமும் வாங்கப் பழகும்வரை மரக்கூண்டினுள் நிற்கிறது. வெளிவந்த பின்னும் காலில் சங்கிலி உண்டு. குண்டினின்று அது தப்பியது உண்மை. கட்டு கட்டுதான் என்பதும் உண்மையே. ஜவ்வாது மலைப் பக்கத்து ஆறு யானைகளுக்கும் இதுவே நேர்ந்தது. காட்டுக்குத் திரும்பும் வழி அவற்றிற்கு இருந்திருந்தால் அதுவே சிறந்ததென்று நான் எண்ணுகிறேன். சுற்றிலும் வயலும் ஊரும் சாலையும் நிறைந்த நிலையில் அவ்வழி எளிதன்று. இவ்விரு துன்பங்களுக்கிடையே சிறிய துன்பத்தைத் தேடியதே கிருஷ்ணமூர்த்தியின் தொழில். தமிழக முகாம்களில் யானைகளை இரவில் காட்டில் மேயவிடுவர். அங்குக் காட்டுக் களிறுகளுடன் கூடி முகாமின் பிடிகள் கன்று ஈன்றன. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலப் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளை ஆராய்ந்து, பேராசிரியர் ராமன் சுகுமாருடனும் வேறு இரு அறிஞர்களுடனும் அவர் எழுதிய கட்டுரை 1997இல் வெளிவந்தது. மரம் இழுக்கும் வேலையின் நடுவிலும் நல்ல கவனிப்பு இருந்தால் யானைகள் இனம் பெருக்கும் என்பதற்கு அப்பதிவேடுகள் சான்று. அவற்றைப் பிழையின்றி எழுதிவைத்த சிற்றலுவலர்களையும் நாம் போற்றவேண்டும்.

காட்டு விலங்குகளோடு பணியாற்ற விரும்பும் பிள்ளைகள் படம் பார்த்து மயங்குகிறார்கள். அப்பணியின் பெரும்பகுதி சாணத்தைக் கிளறுவதும், குறிப்பெழுதுவதும், மழையில் காத்திருப்பதுமே. அதற்கு ஒப்புவோர்க்கு வழி திறந்தே இருக்கிறது. 1989இல் தொடங்கிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பயிற்சி அளிக்கிறது. வனத்துறையும் மருத்துவர்களை நியமிக்கிறது.

டாக்டர் கிருஷ்ணமூர்த்திக்கு 2000ஆம் ஆண்டு வேணு மேனன் பெயரிலான விலங்கு நல விருது கிடைத்தது. 2002 டிசம்பரில் அவர் காலமானார். முகாம் யானைகளுக்கும் அரசு ஊழியரைப் போலப் பணி ஓய்வு உண்டு. மூர்த்தி யானையும் ஓய்வு பெற்று, பாகனின் பராமரிப்பில் தெப்பக்காட்டிலேயே இருந்தது. தன்னைக் காத்த மருத்துவருக்குப் பின் ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்து, 2024 அக்டோபரில் அது இறந்தது.