துளையிட்ட அட்டையால் ஒரு நாட்டையே எண்ணியவர்



பரிசளிப்பு விழா என்றால் மேடையேறும் பிள்ளைகளைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம். பெயர் கூப்பிடப்படாத பிள்ளையும் அதே மண்டபத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். அவனுடைய தாயும் வேலை முடிந்து, குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து பின்வரிசையில் இருக்கிறார். நான் இங்கே சொல்லப்போகும் வரலாறு அந்தத் தாய்க்கும் அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.

அவர் பெயர் ஹெர்மன் ஹாலரித். அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் 1860 பிப்ரவரி 29ஆம் நாள் பிறந்தார். நாலு வருஷத்துக்கு ஒரு முறைதான் பிறந்தநாள் வரும்! பெற்றோர் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள். நம் பாட்டன் பாட்டிகளைப் போலக் கடல் தாண்டி வந்த குடும்பம். சிறு வயதிலேயே ஹெர்மன் தந்தையை இழந்தார். தாயார்தான் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார்.

பள்ளிக்கூடத்தில் இந்தப் பையனுக்கு ஒரு பாடம் எமனாக இருந்தது. அதுதான் எழுத்துக்கூட்டி எழுதுவது. நம்ம பிள்ளைங்க சொல்வதெழுதுதலுக்குப் பயப்படுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாட நேரம் வந்தால் ஓடிவிடுவாராம். ஒருநாள் ஆசிரியர் கதவைப் பூட்டிவிட, பையன் மாடிச் சன்னல் வழியாகக் குதித்துவிட்டார் என்று சொல்வார்கள். தாயார் என்ன செய்தார் தெரியுமா? மக்கு என்று மூலையில் உட்கார வைக்கவில்லை. தேவாலயப் போதகர் ஒருவரிடம் தனியாகப் பாடம் படிக்க வைத்தார். பிள்ளை தேறினான். 1875இல் கல்லூரியில் சேர்ந்து, 1879இல், தமது 19ஆம் வயதில், கொலம்பியா சுரங்கப் பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. சொல்வதெழுதுதலில் பத்துக்கு இரண்டு வாங்கிய ஒரு பையனை நானும் பெஞ்சு மேல் நிற்க வைத்திருக்கிறேன். அன்று சாயங்காலம் லயத்துப் பக்கம் போனால், அதே பையன் பழைய சைக்கிள் ஒன்றைப் பிரித்துப் போட்டு, தப்பில்லாமல் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கைத்திறமை என் கண்ணுக்கு அதுவரை தெரியவில்லை.

பட்டம் பெற்ற ஹாலரித் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஒரு முறை வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பார்கள். ஆண் எத்தனை, பெண் எத்தனை, எந்த வயதில் எத்தனை பேர், என்ன தொழில் என்று எல்லாவற்றையும் குமாஸ்தாக்கள் தாளில் கோடு போட்டுக் கையால் எண்ண வேண்டும். தோட்டத்தில் பால் எடை எழுதும் கிராணிக்கு ஒரு பெரட்டுக் கணக்கைக் கூட்டிப் போடவே நேரமாகும். அங்கேயோ ஐந்து கோடிப் பேரின் கணக்கு! 1880இல் எடுத்த கணக்கை முழுவதும் முடிக்க ஏழு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. இதற்கு ஓர் இயந்திரம் இருந்தால் நல்லது என்று அவருடைய மேலதிகாரி ஜான் ஷா பில்லிங்ஸ் சொன்னார். அந்த யோசனையை ஹாலரித் விடாமல் பிடித்துக்கொண்டார்.

முதலில் நீளமான காகிதச் சுருளில் துளை போட்டுப் பார்த்தார். ஒரே ஓர் ஆளின் விவரம் வேண்டுமென்றாலும் சுருள் முழுவதையும் ஓடவிட வேண்டியிருந்தது. அது சரிப்படவில்லை. அப்போது ரயிலில் கண்ட ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. பயணச்சீட்டை இன்னொருவர் பயன்படுத்தாமல் இருக்க, கண்டக்டர் பயணியின் முடி நிறம், கண் நிறம், மூக்கு அளவு ஆகியவற்றைச் சீட்டில் துளையிட்டுக் குறிப்பார். ஹாலரித்துக்குப் பளிச்சென்று பட்டது. ஆளுக்கொரு அட்டை!

அந்த இயந்திரம் எப்படி வேலை செய்தது என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். அட்டையில் ஒவ்வொரு விவரத்துக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில் துளை போடுவார்கள். அட்டையை வைத்துக் கைப்பிடியை அழுத்தினால் கம்பி ஊசிகள் இறங்கும். துளை உள்ள இடத்தில் மட்டும் ஊசி கீழே போய், சிறு கிண்ணத்தில் இருக்கும் பாதரசத்தைத் தொடும். உடனே மின்சாரம் பாய்ந்து, கடிகார முகம் போன்ற எண்ணியில் முள் ஓர் எண் நகரும். துளை இல்லாத இடத்தில் ஊசி அட்டையில் முட்டி நின்றுவிடும். அவ்வளவுதான்!

1884இல் காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டார். கிடைத்தது 1889இல். இடையில் ரயில்வண்டிக்கு மின்சாரத் தடைக்கருவி செய்து பார்த்தார். அது கைகொடுக்கவில்லை. ஆனாலும் மனுஷன் சோர்ந்து உட்காரவில்லை. 1889இல் கணக்கெடுப்பு அலுவலகம் ஒரு போட்டி வைத்தது. மூன்று பேர் கலந்துகொண்டார்கள். மற்ற இருவருடையவை வண்ண மை, வண்ணச் சீட்டு என்று கையால் பிரித்து எண்ணும் முறைகள். ஒரே கணக்கைத் தொகுக்க ஒருவருக்குச் சுமார் 44 மணி நேரம், இன்னொருவருக்குச் சுமார் 55 மணி நேரம் பிடித்தது. ஹாலரித்தின் இயந்திரத்துக்கு ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம்தான்! 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு அவர் கைக்கு வந்தது. ஆறு கோடிக்கும் மேற்பட்ட மக்களின் மொத்தத் தொகை சில மாதங்களுக்குள் தெரிந்துவிட்டது.

1896இல் சொந்தக் கம்பெனி தொடங்கினார். இயந்திரங்களை விற்காமல் வாடகைக்கு விட்டார். ரயில்வே கம்பெனி சரக்குக் கணக்குக்கு வாங்கிக்கொண்டது. ரஷ்யாவும் 1897ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்கு அவருடைய இயந்திரத்தைப் பயன்படுத்தியது. ஆனால் அவருக்குப் பிடிவாதமும் கோபமும் அதிகம். வாடகை விஷயத்தில் அரசாங்கத்தோடு மனக்கசப்பு ஏற்பட்டு, 1910ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு வேலை கைவிட்டுப் போயிற்று. பெரிய மனிதர்களுக்கும் குறை உண்டு, பிள்ளைகளே.

1911இல் அவர் கம்பெனி வேறு கம்பெனிகளோடு இணைந்தது. அந்தக் கூட்டுக் கம்பெனிதான் 1924இல் ஐ.பி.எம். என்று பெயர் மாறி, பிற்காலத்தில் கம்ப்யூட்டர் செய்வதில் உலகப் புகழ் பெற்றது. 1960களிலும் 70களிலும்கூடக் கம்ப்யூட்டருக்கு விவரம் கொடுக்கத் துளையிட்ட அட்டையையே பயன்படுத்தினார்கள். ஹாலரித் 1929 நவம்பர் 17ஆம் நாள் வாஷிங்டனில் காலமானார்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஒரு பாடத்தில் பின்தங்கினால் அவனை அடியோடு ஒதுக்கிவிடாதீர்கள். அவன் கை எதைத் தேடிப் போகிறது என்று கவனியுங்கள். எங்களிடம் வந்து சொல்லுங்கள். நாங்கள் பார்க்கத் தவறியதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாணவர்களே, தெரியாத பாடத்தைக் கண்டு ஓடாதீர்கள். ஹாலரித்தும் கடைசியில் உட்கார்ந்து படித்துத்தான் பட்டம் வாங்கினார், மறந்துவிடாதீர்கள்!

இன்று பரிசு பெறும் செல்வங்களுக்கு என் பாராட்டு. இனிமேல் பெறப்போகும் செல்வங்களுக்கு என் வாழ்த்து.