டேவிட் ஹியூம்: ‘நாம்’ என்ற சொல்லுக்கு வெளியே நின்றவர்கள்

சட்டக் கல்லூரியில் நீதிக் கோட்பாடுகளைப் பயிலும்போது டேவிட் ஹியூமின் பெயர் ஏதேனும் ஒரு வகுப்பில் வந்து மறைந்துவிடும். தன்னலத்திலிருந்து நீதி பிறக்கிறது என்று சொன்னவர் என்ற ஒற்றை வரியைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்துகொண்டு மாணவர்கள் அடுத்த பெயருக்கு நகர்ந்துவிடுவார்கள். சாதியால் ஒடுக்கப்பட்டோரின் வழக்குகளை நடத்துகிற நம்மால் அவரை அவ்வளவு எளிதில் கடந்துபோக இயலவில்லை. வலிமையற்றவர்களுக்கு நீதி வழங்குவது கடமையா, அல்லது அவர்கள்மீது கருணை காட்டினாலே போதுமா என்ற கேள்வியை ஒளிவுமறைவின்றி எழுதி வைத்தவர் அவர். அவர் அளித்த விடை நமக்கு உவப்பானதன்று. ஆயினும் அந்த விடை எப்படிப்பட்ட வாழ்விலிருந்து வந்தது என்பதை அறிந்துகொள்வது நம் போராட்டத்திற்குப் பயன்படும்.

1711 ஏப்ரல் 26 அன்று எடின்பரோ நகரில் ஹியூம் பிறந்தார். ஸ்காட்லாந்தின் தென்கிழக்கே நைன்வெல்ஸ் என்னும் பண்ணைக்குரிய குடும்பம் அவருடையது. தந்தை வழக்குரைஞர், தாய் ஒரு நீதிபதியின் மகள். தந்தை 1713இல் மறைந்துவிட, நிலம் மூத்த மகனுக்கு உரியதாயிற்று. இளைய மகனான டேவிட், குடும்பத் தொழிலான சட்டத்தைப் படித்துப் பிழைத்துக்கொள்ள வேண்டும் என்று வீட்டார் விரும்பினார்கள். அவருக்கோ சட்டம் வெறுப்பைத் தந்தது. மகன் சட்ட நூல்களைக் கற்கிறான் என்று வீட்டார் நம்பிக்கொண்டிருக்க, அவர் சிசெரோவையும் வெர்ஜிலையும் வாசித்துக்கொண்டிருந்தார். தத்துவத்தில் அளவுமீறி மூழ்கியதால் உடலும் உள்ளமும் நலிந்தன. அதிலிருந்து மீள்வதற்காக 1734இல் பிரிஸ்டல் நகரத்துச் சர்க்கரை வணிகர் ஒருவரிடம் எழுத்தராகச் சேர்ந்தார்.

அங்கே அவர் இருந்தது சில மாதங்களே. வாழ்க்கை வரலாறுகள் இந்தக் காலத்தை ஓரிரு வரிகளில் முடித்துவிடுவது வழக்கம். பிரிஸ்டல் அக்காலத்தில் பிரிட்டனின் அடிமை வணிகத்தில் முன்னணியில் நின்ற துறைமுகம் என்பதையும், மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களின் உழைப்பே அந்தக் கணக்குப் புத்தகங்களில் சர்க்கரை வரவாகப் பதிவாயிற்று என்பதையும் நாம் இங்கே குறித்துக்கொள்வோம்.

பின்னர் அவர் பிரான்சுக்குச் சென்றார். ஒரு காலத்தில் டெக்கார்ட் பயின்ற லா ஃபிளேஷ் என்னும் சிற்றூரில் சிக்கனமாக வாழ்ந்தபடி தம் பெருநூலை எழுதினார். மனித இயல்பைப் பற்றிய அந்நூலின் முதலிரு பகுதிகள் 1739இலும், அறத்தைப் பற்றிய மூன்றாம் பகுதி 1740இலும் வெளிவந்தன. எழுதி முடித்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. நூல் அன்று யாராலும் பொருட்படுத்தப்படவில்லை.

அவருக்கு முன்னே இரண்டு வழிகள் இருந்தன. மனிதன் தன்னலமி, அச்சத்தாலேயே சட்டத்திற்குப் பணிகிறான் என்பது ஹாப்ஸ் காட்டிய வழி. நன்மை தீமையை உணரும் புலன் மனிதருக்கு இயல்பிலேயே உண்டு என்பது கிளாஸ்கோ பேராசிரியர் ஹச்சிசன் காட்டிய வழி. ஹியூம் இரண்டையும் கலந்தார். பெற்ற பிள்ளைமேல் அன்பு, துன்புறுவோர்மேல் இரக்கம் போன்றவை இயல்பாக வருபவை. நீதி அப்படி வருவதன்று என்றார். முன்பின் அறியாத பணக்காரருக்குக் கடனைத் திருப்பிக் கொடுக்குமாறு எந்த இயல்புணர்ச்சியும் நம்மைத் தூண்டுவதில்லை. அவரவர் உடைமையை அவரவர் அச்சமின்றி அனுபவிக்க வேண்டுமானால் பிறர் உடைமையிலும் கைவைக்கக் கூடாது என்பதை மனிதர்கள் பட்டறிவால் கற்றார்கள். தன்னலமே தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டது. அந்தக் கட்டுப்பாட்டின் பெயரே நீதி. இதற்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு ஒரு படகு. இருவர் துடுப்புப் போடுகிறார்கள். ஒருவருக்கொருவர் சத்தியம் செய்துகொள்ளவில்லை. ஆனால் ஒருவர் நிறுத்தினால் படகு நகராது என்பது இருவருக்கும் தெரியும்.

இந்தக் கருத்தில் விடுதலைக்கான விதை ஒன்று இருப்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. நீதி வானத்திலிருந்து இறங்கவில்லை, முற்பிறவிக் கணக்கிலிருந்தும் வரவில்லை, மனிதர்கள் தம் தேவைக்காக அமைத்துக்கொண்டது என்றால், தேவை மாறும்போது அதை மாற்றியும் அமைக்கலாம். பிறப்பால் விதிக்கப்பட்ட இடம் என்று எதையும் ஒப்புக்கொள்ளாத எவருக்கும் இது வலுவான கருவி. ஆனால் படகில் துடுப்புப் பிடித்தவர்கள் இருவர் மட்டுமே. அதே படகில் சரக்காக ஏற்றப்பட்டவருக்கு அந்த உடன்பாட்டில் என்ன இடம் என்று நாம் கேட்டாக வேண்டும்.

இறைமறுப்பாளர் என்ற பெயர் அவரைக் கடைசிவரை துரத்தியது. 1745இல் எடின்பரோ பல்கலைக்கழக அறவியல் பேராசிரியர் பதவி அவருக்கு மறுக்கப்பட்டது. மறுத்தவர்களின் பக்கம் ஹச்சிசனும் நின்றார். சில ஆண்டுகளுக்குப் பின் கிளாஸ்கோவிலும் அதே கதை. இடையில் ஒரு பிரபுவுக்கு ஆசிரியராகவும், படைத்தளபதி ஒருவருக்குச் செயலாளராகவும் வேலை பார்த்தார்.

1751இல் அறநெறிகளைப் பற்றிய தம் கருத்துகளை மறுபடியும் எழுதி வெளியிட்டார். தம் நூல்களிலேயே சிறந்தது என்று அவர் கருதியது இதைத்தான். அதன் மூன்றாம் இயல் நீதியைப் பற்றியது. நீதி எப்போது தேவைப்படும் என்று அவர் வரிசையாக ஆராய்கிறார். எல்லாப் பொருளும் எல்லார்க்கும் குறைவின்றிக் கிடைக்கும் உலகில் நீதிக்கு வேலையில்லை. கொடும்பஞ்சத்திலும் கப்பல் உடைந்த கரையிலும் நீதி தாக்குப்பிடிக்காது. பின்னர் வருகிறது நாம் தேடும் பத்தி. மனிதரோடு கலந்து வாழும், அறிவுமுள்ள, ஆனால் உடலாலும் உள்ளத்தாலும் மிகத் தாழ்ந்த வலிமையுடைய ஓர் உயிரினத்தைக் கற்பனை செய்யச் சொல்கிறார். எவ்வளவு கொடுமை இழைத்தாலும் அவர்களால் எதிர்த்து நிற்க முடியாது. தம் சினத்தின் விளைவை நம்மை உணரச்செய்ய முடியாது. அத்தகையோரை மென்மையாக நடத்த மனிதாபிமானம் நம்மைக் கட்டுப்படுத்தும். ஆனால் சரியாகச் சொன்னால், நீதியின் கட்டு ஏதும் நமக்கு இராது. அவர்களுக்கு உடைமையோ உரிமையோ இருக்க முடியாது என்பதே அவருடைய முடிவு.

வழக்காடும் தொழிலில் இருப்பவர்கள் ஓர் ஆவணத்தைப் படிக்கும்போது யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதை முதலில் பார்ப்போம். அந்தப் பத்தியில் ‘நாம்’ என்பவர்கள் வலிமையுள்ளவர்கள். வாசகரும் அவர்களில் ஒருவர். கற்பனை உயிரினம் அந்த நூலைப் படிக்கக்கூடும் என்ற எண்ணமே எழுதியவருக்கு எழவில்லை. நாம் அதைப் படிக்கும்போது அந்தச் சொல்லுக்குள் நம்மால் நுழைய முடிவதில்லை.

ஹியூமுக்கு நேர்மை செய்வதானால் ஒன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பழங்குடிகளைவிடத் தாம் மேலானவர்கள் என்ற நினைப்பில் ஐரோப்பியர்கள் நீதியையும் மனிதாபிமானத்தையும் சேர்த்தே உதறிவிட்டார்கள் என்று அதே இடத்தில் அவர் எழுதுகிறார். பல நாடுகளில் பெண்கள் அடிமைகளைப் போல வைக்கப்பட்டிருப்பதையும் குறிப்பிடுகிறார். ஆகவே, கற்பனை என்று தொடங்கியது கற்பனை மட்டுமன்று என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. இன்னும் அருகிலும் சான்று இருந்தது. 1606ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே ஸ்காட்லாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரும் உப்பளத் தொழிலாளரும் முதலாளியோடு பிணைக்கப்பட்டுக் கிடந்தார்கள். அந்தக் கட்டை அவிழ்க்கும் முதற்சட்டம் 1775இல்தான் வந்தது. முழு விடுதலைக்கு 1799 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1752இல் எழுதிய கட்டுரையொன்றில் பண்டைக்கால அடிமை முறையை ஹியூம் கடுமையாகக் கண்டித்தார். அது எசமானர்களைச் சிறு கொடுங்கோலர்களாக்குகிறது என்றார். அமெரிக்கக் குடியேற்றங்களின் அடிமை முறையை ஒரு வரியில் தொட்டுச் சென்றார். மறு ஆண்டே, நாட்டினங்களின் குணங்களைப் பற்றிய தம் பழைய கட்டுரையில் புதிய அடிக்குறிப்பு ஒன்றைச் சேர்த்தார். கறுப்பின மக்கள் இயற்கையிலேயே வெள்ளையர்களுக்குத் தாழ்ந்தவர்கள் என்று தாம் ஐயுறுவதாகவும், ஜமைக்காவில் கல்விமான் எனப் புகழப்படும் கறுப்பர் கிளிப்பிள்ளையைப் போன்றவராகவே இருக்கக்கூடும் என்றும் எழுதினார். லத்தீனில் கவிதை எழுதிய பிரான்சிஸ் வில்லியம்ஸையே அவர் குறிப்பிட்டார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அனுபவத்தைத் தவிர வேறெதையும் சான்றாக ஏற்க மறுத்த தத்துவவாதிக்கு இங்கே சான்று தேவைப்படவில்லை. அக்காலத்தில் எல்லாருமே அப்படித்தான் நினைத்தார்கள் என்ற சமாதானம் செல்லாது. அபர்டீன் பேராசிரியர் ஜேம்ஸ் பீட்டி 1770இல் அந்த அடிக்குறிப்பை வெளிப்படையாக மறுத்து எழுதினார். ஹியூமின் நெருங்கிய நண்பர் ஆடம் ஸ்மித்தோ 1759லேயே ஆப்பிரிக்கர்களின் மேன்மையைப் போற்றி, அவர்களை அடிமைகொண்டவர்களை இழிந்தவர்கள் என்று எழுதியிருந்தார். ஹியூம் குறிப்பைச் சற்றே திருத்தினாரேயன்றி நீக்கவில்லை. மேலும் 1766இல், கிரெனடா தீவில் அடிமைத் தோட்டங்களை வாங்க முனைந்த நண்பர்களுக்காக ஹெர்ட்ஃபோர்டு பிரபுவுக்கு அவர் எழுதிய கடிதம் 2014இல் அச்சேறியது. 2020இல் எடின்பரோ பல்கலைக்கழகம் தன் கட்டடம் ஒன்றிலிருந்து அவர் பெயரை நீக்கியது.

இவ்வளவும் சொன்ன பின் வாசகர்கள் ஒரு கொடியவரைக் கற்பனை செய்துகொள்ளக் கூடாது. நேரில் பழகியவர்கள் அனைவரும் அவரை இனியவர், தாராளமானவர் என்றே கூறினார்கள். 1752இல் எடின்பரோ வழக்குரைஞர் நூலகத்தின் காப்பாளரானார். இங்கிலாந்தின் வரலாற்றை எழுத அந்நூல்கள் அவருக்கு உதவின. அவர் வாங்கிய சில பிரெஞ்சு நூல்கள் ஆபாசமானவை என்று நிர்வாகிகள் நீக்கியபோது, பதவியை விடாமல் ஊதியத்தை மட்டும் பார்வையற்ற கவிஞர் தாமஸ் பிளாக்லாக்குக்குக் கொடுத்துவிட்டார். கருணைக்கு அவரிடம் குறைவே இல்லை. வலிமையற்றவர்களுக்கு அவர் ஒதுக்கியதும் அதைத்தான்.

கருணைக்கும் நீதிக்கும் உள்ள தூரம் நமக்குப் புத்தகத்தில் கற்றதன்று. வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்டவர் இழப்பீட்டுத் தொகையைப் பெற வரும்போது அதிகாரிகள் பலர் அதை அரசின் பெருந்தன்மையாகவே பேசுவார்கள். குற்றவாளிக்குத் தண்டனை கேட்டால் முகம் மாறும். கொடுக்க விரும்பினால் கொடுப்பது கருணை. அதை மறுத்ததற்காக யாரையும் கூண்டில் ஏற்ற முடியாது.

ஹியூமின் கூற்றை அறமாக நாம் ஏற்கவில்லை. உரிமை வலிமையிலிருந்து பிறக்குமானால் குழந்தைக்கு உரிமையில்லை, நோயாளிக்கு உரிமையில்லை. ஆனால் வலிமையுள்ளோர் நடைமுறையில் எப்படி இயங்குகிறார்கள் என்பதற்கான வாக்குமூலமாக அதை ஏற்கலாம். 2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் கைது செய்ய முன் அனுமதி வேண்டும் என்றும், வழக்குப் பதியும் முன்னர் விசாரணை நடத்தலாம் என்றும் ஆணையிட்டது. ஏப்ரல் 2 அன்று நாடெங்கும் தலித்துகள் தெருவில் இறங்கினார்கள், உயிர்களையும் இழந்தார்கள். அவ்வாண்டே நாடாளுமன்றம் 18அ பிரிவைச் சேர்த்தது. 2019 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆணைகளைத் திரும்பப் பெற்றது. ஏப்ரல் 2க்கு முன்னும் பின்னும் அரசமைப்பு ஒன்றேதான். இடையில் உணர்த்தப்பட்டது நம் சினம்.

ஹியூமின் எஞ்சிய ஆண்டுகள் புகழிலும் வசதியிலும் கழிந்தன. பாரிஸ் தூதரகத்தில் பணியாற்றினார், ரூசோவுக்கு அடைக்கலம் தந்து அவரோடு பெரும்பகை கொண்டார், லண்டனில் அரசுத் துணைச் செயலாளராக இருந்தார், 1769இல் எடின்பரோ திரும்பினார். மறுமையில் நம்பிக்கையின்றி, கலக்கமுமின்றி, 1776 ஆகஸ்ட் 25 அன்று அங்கேயே இறந்தார்.

அப்போது அதே நகரத்தின் உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நிலுவையில் இருந்தது. சிறுவனாக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு, ஜமைக்காவில் ஜான் வெடர்பர்ன் என்னும் தோட்ட முதலாளிக்கு விற்கப்பட்டு, அவருடைய வீட்டு வேலைக்காக ஸ்காட்லாந்துக்கு அழைத்துவரப்பட்டவர் ஜோசப் நைட். 1772இல் லண்டனில் சாமர்செட் என்ற அடிமை விடுவிக்கப்பட்ட செய்தியை நாளிதழில் படித்த அவர் வேலையை விட்டு வெளியேற முனைந்தார். முதலாளி அவரைக் கைது செய்வித்தார். உள்ளூர் நடுவர்கள் முதலாளியின் பக்கமே நின்றார்கள். நைட் மேல்முறையீடு செய்து 1774இல் பெர்த் நகர நீதிமன்றத்தில் வென்றார். வெடர்பர்ன் வழக்கை எடின்பரோவுக்குக் கொண்டுசென்றார். எந்த வழக்குரைஞர் நூலகத்தில் ஹியூம் காப்பாளராக இருந்தாரோ, அது அந்த உயர் நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் இருந்தது.

1778 ஜனவரியில், ஹியூமை அடக்கம் செய்து 17 மாதங்கள் கழித்து, தீர்ப்பு வந்தது. ஜமைக்காவின் அடிமைச் சட்டம் ஸ்காட்லாந்தில் செல்லாது என்றும், ஜோசப் நைட்டின் உழைப்பின்மீது வெடர்பர்னுக்கு எந்த உரிமையும் இல்லை என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தார்கள்.