அமெரிக்காவில் அண்ணல் கற்ற வரலாறு

அண்ணல் அம்பேத்கர் 1913ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நியூயார்க் சேர்ந்தார். அப்போது அவருக்கு அகவை 22. பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் வழங்கிய உதவித்தொகை திங்களுக்குப் பதினொன்றரைப் பவுன், அதுவும் மூன்றாண்டுகளுக்கே. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியலை முதன்மைப் பாடமாகக் கொண்ட அவர், வரலாற்றிலும் 11 பாடங்களைப் பயின்றார். செலிக்மன், டூயி, ராபின்சன் முதலிய பேரறிஞர்கள் அவர்தம் ஆசிரியர்கள்.

அந்நாட்டின் உள்நாட்டுப் போர் முடிந்து அப்போது ஐம்பதாண்டுகளே ஆகியிருந்தன. அடிமைமுறை 1865இல் ஒழிந்தது. நிறங்காட்டி வாக்குரிமையை மறுத்தலாகாது என 1870இல் அரசியல் சட்டம் திருத்தப்பெற்றது. ஆயினும் தென்மாநிலங்கள் வாக்குவரியாலும் எழுத்தறிவுத் தேர்வாலும் கறுப்பின மக்களின் அவ்வுரிமையைப் பறித்தன. ஏட்டில் பெற்ற உரிமையும் காப்பாரின்றேல் கைநழுவும் என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம்.

பிறர் வரலாற்றைக் கற்ற அண்ணல் தம் நாட்டை மறந்தாரில்லை. 1916 மே 9ஆம் நாள், அப்பல்கலைக்கழகத்திலேயே இந்தியச் சாதிகளின் தோற்றத்தை ஆராய்ந்து கட்டுரை படித்தார். முப்பதாண்டுகளுக்குப் பின், 1946இல், கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த விண்ணப்பத்தின் படிகளை வேண்டி அறிஞர் டூபாய்சுக்கு மடல் எழுதினார். அதே கொலம்பியா 1952இல் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கிப் பெருமை கொண்டது.

வேறு பாடம் கிட்டாதவர்க்கே வரலாறு என நம் மாணவருள் சிலர் எண்ணுவதை நாம் காண்கிறோம். இளைஞர்களே, ஒடுக்கப்பட்டோர் எங்ஙனம் உரிமை பெற்றனர், எங்ஙனம் இழந்தனர் என்பதை அறியாதார் தம் உரிமையை எவ்வாறு காப்பர்? எப்பட்டம் பயின்றாலும் வரலாற்றையும் உடன் பயிலுங்கள்.