பர்ட் மன்றோ

ஹெர்பர்ட் ஜேம்ஸ் பர்ட் மன்றோ (மார்ச் 25, 1899 – ஜனவரி 6, 1978) நியூசிலாந்தைச் சேர்ந்த மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் ஆவார். பழைய வண்டியொன்றைத் தம் கைகளாலேயே மேம்படுத்தி உலக வேகச் சாதனை படைத்தவர்.

வாழ்க்கை

மன்றோ இன்வர்கார்கில் நகரில் பிறந்தார். 1920 இல் இந்தியன் ஸ்கவுட் வண்டியை வாங்கினார். இந்தியன் என்பது ஐக்கிய அமெரிக்க நிறுவனம் ஒன்றின் பெயராகும். 600 க.செ.மீ. எந்திரம் கொண்ட அவ்வண்டியின் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 89 கி.மீ. மட்டுமே.

மாற்றங்கள்

பகலில் மோட்டார் சைக்கிள் விற்பனையாளராகப் பணியாற்றிய மன்றோ, இரவில் வண்டியைச் சீரமைத்தார். பணவசதி குறைவாக இருந்ததால் பாகங்களைத் தாமே செய்தார். பழைய தகர டப்பாக்களை அச்சாகக் கொண்டு பிஸ்டன்களை வார்த்தார். உருளைகளையும் தாமே உருவாக்கினார். இணைப்புத் தண்டுகளைப் பழைய டிராக்டர் அச்சிலிருந்து செதுக்கினார். எந்திரம் பலமுறை வெடித்துச் சிதைந்தது. உடைந்த பாகங்களை வேகக் கடவுளுக்குரிய படையலாகத் தட்டில் அடுக்கி வைத்தார். எந்திரத்தின் கொள்ளளவு படிப்படியாக 950 க.செ.மீ. ஆக உயர்ந்தது.

சாதனை

ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள பொனவில் உப்புச் சமவெளியில் 1962, 1966, 1967 ஆகிய ஆண்டுகளில் சாதனைகள் படைத்தார். 1967 இல், தமது 68 ஆவது வயதில், 1000 க.செ.மீ.க்குட்பட்ட பிரிவில் அவர் எட்டிய வேகம் மணிக்கு 295.45 கி.மீ. எனப் பதிவாகியது. அப்போது வண்டியின் வயது 47. கணக்கீட்டில் இருந்த பிழையை அவருடைய மகன் பின்னாளில் கண்டறிந்தார். 2014 இல் அவ்வேகம் 296.26 கி.மீ. எனத் திருத்தப்பட்டது.

இவருடைய வாழ்க்கையைத் தழுவி 2005 இல் வெளியான திரைப்படத்தில் அந்தோனி ஹாப்கின்ஸ் நடித்தார்.