டாகன்ராக் மளிகைக் கடை

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)

ஆண்டு மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு வேண்டும் என்றதும் எங்கள் வகுப்பில் எடிசனையும் அப்துல் கலாமையும் ஆளுக்கொருவராகப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குக் கிடைத்தவர் ஒரு மளிகைக் கடைக்காரர். பெயர் பாவெல் செகாவ். ரஷ்யாவின் பெரிய எழுத்தாளர் ஆன்டன் செகாவின் அப்பா. நூலகத்தில் மகனுடைய கதைகளைப் படிக்கப் போய், அப்பாவிடம் மாட்டிக்கொண்டேன். காரணம் இருக்கிறது. எங்கப்பாவும் மளிகைக் கடைதான் வைத்திருந்தார்.

பாவெல் 1825-ல் பிறந்தபோது அவர் குடும்பமே பண்ணையடிமை. அந்த நாட்டில் அப்போது நிலத்தோடு சேர்த்து மனிதர்களையும் விற்கலாம், வாங்கலாம். பாவெலின் அப்பா யெகோர் சிறுகச் சிறுகச் சேர்த்து, 1841-ல் பிரபுவிடம் 3,500 ரூபிள் கட்டிக் குடும்பத்தை மீட்டார். அரசாங்கம் அடிமை முறையை ஒழித்தது 1861-ல்தான். அதற்கு 20 வருஷம் முன்னாலேயே தன் விலையைத் தானே கொடுத்து வெளியே வந்த மனுஷர்! பையனுக்கு அப்போது 16 வயசு.

அந்தப் பையன் அசோவ் கடலோரம் டாகன்ராக் என்ற துறைமுக ஊரில் ஒரு வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்தான். 1854-ல் துணி வியாபாரி மகள் யெவ்கேனியாவைக் கல்யாணம் செய்தார். 1857-ல் சொந்தக் கடை. தேயிலை, சர்க்கரை, காபி, எண்ணெய், மீன் எல்லாம் ஒரே கூரையின் கீழ். நம்ம ஊர்க் கடை மாதிரியேதான். தங்கிய பிள்ளைகள் ஆறு பேர்: ஐந்து ஆண், ஒரு பெண். 1860-ல் பிறந்த ஆன்டன் மூன்றாமவர்.

பாவெல் நல்ல அப்பா என்று நான் எழுத மாட்டேன். அடிப்பார். பிள்ளைகளைத் தேவாலயத்தில் பாட வைக்க விடியுமுன் எழுப்புவார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கல்லாவில் உட்கார வைப்பார். எடைக்கல்லுக்கு நடுவே வீட்டுப்பாடம் எழுதுவது எப்படி என்று எனக்குத் தெரியும். ஒரு கணக்கு முடிவதற்குள் 50 கிராம் சீரகம் கேட்டு ஒருத்தர் வந்து நிற்பார். ஆன்டன் மூன்றாம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் ஒரு வருஷம் தங்கிப் படித்தார். அரியர் வைத்த நண்பர்கள் கவனிக்க!

பாவெல் வியாபாரத்திலும் சமர்த்தர் இல்லை. ஒரு தடவை எண்ணெய்த் தொட்டியில் எலி விழுந்து செத்ததாம். எண்ணெயைக் கொட்ட மனசு வரவில்லை. பாதிரியாரைக் கூப்பிட்டு ஜெபம் செய்து தூய்மையாக்கினார். ஊரெல்லாம் பேச்சாகி, எண்ணெய் வாங்க ஆள் வரவில்லை. மூத்த மகன் பின்னாளில் எழுதிவைத்த சங்கதி இது. சிரிப்பு வந்தாலும், கொட்ட மனசு வராத அந்த வயிற்றெரிச்சல் கடை வைத்தவர்களுக்குப் புரியும்.

கடைசியில் கடன் வாங்கி வீடு கட்டினார். கட்ட முடியவில்லை. 1876-ல், கடனாளிகளுக்கான சிறைக்குப் பயந்து ஊருக்குத் தெரியாமல் மாஸ்கோவுக்கு ஓடிவிட்டார். வீடும் போனது.

இந்த இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். நான் ஒன்பதாவது படிக்கும்போது எங்கள் கடையும் இப்படித்தான் மூடியது. மொத்த வியாபாரி பாக்கிக்காக வந்து தராசு வரைக்கும் எடுத்துப் போனார். அப்பா சொல்லாமல் கொள்ளாமல் திருப்பூருக்குப் போய்விட்டார். நாலு மாசம் கழித்துத்தான் மணியார்டர் வந்தது. அந்த நாலு மாசக் கோபம் எனக்குள் இன்னும் இருக்கிறது.

16 வயசு ஆன்டன் டாகன்ராக்கில் தனியாக மூன்று வருஷம் இருந்தார். டியூஷன் எடுத்துப் படித்தார். அதில் மிச்சம் பிடித்து மாஸ்கோவுக்கும் அனுப்பினார். 1879-ல் ஊராரின் உதவித்தொகை மாசம் 25 ரூபிளோடு மருத்துவம் படிக்கப் போனார். அங்கே அப்பா ஒரு கிடங்கில் 30 ரூபிள் சம்பளத்துக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். மகன் படித்துக்கொண்டே பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கதை எழுதிக் குடும்பத்தைத் தாங்கினார். 1884-ல் டாக்டரானார். மற்றது உலகத்துக்கே தெரியும்.

எனக்கு முக்கியமாகப் பட்டது 1892. அந்த வருஷம் ஆன்டன் மெலிகோவோ கிராமத்தில் பண்ணை வீடு வாங்கினார். தன்னை அடித்த அப்பாவைக் கூட்டி வந்து தனி அறை கொடுத்தார். அடியை மறந்துவிடவில்லை, கடைசிவரை நினைவில் வைத்திருந்தார். அறையும் கொடுத்தார். அங்கே பாவெல் தினமும் டைரி எழுதினார். இன்றைக்கு மழை, இன்னார் வந்தார், இன்னார் போனார் என்று. பழைய கடைக் கணக்கு எழுதிய கை சும்மா இருக்குமா? 1898 அக்டோபரில் இறந்தார். மகன் 1904-ல், 44 வயசில், காசநோயால் போய்ச் சேர்ந்தார். அவர்கள் மேல்மாடியில் குடியிருந்த அந்தக் கடை டாகன்ராக்கில் இன்று அருங்காட்சியகம்.

போன பொங்கல் லீவில் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து கடன் நோட்டை எடுத்தேன். பாதி ஊர் அதில் இருக்கிறது. அப்பா ஒருத்தரிடமும் போய்க் கேட்டதில்லை. ஏம்ப்பா கேக்கல என்றேன். நோட்டை வாங்கித் தூசி தட்டி மறுபடி பரணில் வைத்தார். அப்புறம், செமஸ்டர் ஃபீஸ் கட்ட என்னிக்குக் கடைசி நாள் என்று கேட்டார்.