கடமை தவறாத கோமரோவ்

வானில் ஏறிச் செல்வது அரிது. ஏறியவர் நலமாகத் தரையிறங்குவது அதனினும் அரிது. இவ்வுண்மையைத் தம் உயிரைக் கொடுத்து உலகிற்கு உணர்த்தியவர் சோவியத் விண்வெளி வீரர் விளாடிமிர் கோமரோவ்.

அவர் 1927ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் மாஸ்கோ நகரில் எளிய தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942இல், இன்று பத்தாம் வகுப்பில் பயிலும் நம் வயதிலேயே, விமானப்படைப் பள்ளியில் சேர்ந்தார். விமானியானதோடு நில்லாமல் பொறியியலும் கற்றுத் தேறினார். 1960இல் நாட்டின் முதல் விண்வெளி வீரர் குழுவிற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒருமுறை அறுவை சிகிச்சையும், மறுமுறை இதயத் துடிப்பில் கண்ட குறையும் அவரைத் தடுத்தன. அவரோ மனம் தளராது முயன்று மீண்டும் தகுதி பெற்றார். 1964 அக்டோபரில் வோஸ்கோட் 1 கலத்தின் தலைவராக இருவரை உடன் அழைத்துச் சென்று பூமியை வலம் வந்தார். ஒரே கலத்தில் மூவர் சென்றது அதுவே முதல் முறை.

1967 ஏப்ரல் 23ஆம் நாள் சோயுஸ் 1 என்னும் புதிய கலத்தில் அவர் தனியாகப் புறப்பட்டார். ஆளில்லாமல் அனுப்பிய சோதனைக் கலங்களில் குறைகள் காணப்பட்டிருந்தும் பயணம் தள்ளிவைக்கப்படவில்லை. மேலே சென்றதும் சூரிய ஒளியால் மின்சாரம் தரும் இரு தகடுகளுள் ஒன்று விரியவில்லை. மின்சாரம் குறைந்தது. கலத்தைத் தானாகத் திருப்பும் கருவிகளும் பழுதாயின. உடனே திரும்பி வருமாறு கட்டளை வந்தது. முதல் முயற்சி பலிக்கவில்லை. கோமரோவ் பதறவில்லை. கலத்தைத் தம் கையாலேயே சரியான திசைக்குத் திருப்பி, காற்று மண்டலத்தின் கடும் வெப்பத்தையும் கடந்து வந்தார்.

அவர் செய்ய வேண்டியதை எல்லாம் செய்து முடித்தார். ஆனால் பெரிய பாராசூட் தன் பெட்டியில் இறுகிக்கொண்டு வெளிவரவில்லை. மாற்றுப் பாராசூட்டும் சிக்கிக்கொண்டு விரியவில்லை. ஏப்ரல் 24ஆம் நாள் ஓரன்பர்க் பகுதியில் கலம் தரையில் மோதியது. நாற்பது வயதே ஆன அவ்வீரர் மாண்டார். விண்வெளிப் பயணத்தில் உயிர் நீத்த முதல் மனிதர் அவரே.

அதன் பின்னர் பாராசூட் பெட்டி திருத்தி அமைக்கப்பட்டது. அடுத்த சோயுஸ் வீரர் 1968 அக்டோபரில் சென்று நலமாகத் திரும்பினார். 1969இல் சந்திரனில் இறங்கிய அமெரிக்க வீரர்கள் கோமரோவின் நினைவுப் பதக்கத்தை அங்கே வைத்து வந்தனர்.

ஒருவர் எவ்வளவு திறமையுடன் கடமை ஆற்றினாலும், அவர் உயிர் பிறர் செய்யும் வேலையிலும் அடங்கியிருக்கிறது. பாராசூட்டுப் பெட்டி சிறியதுதான். அதில் நேர்ந்த குறையோ ஒரு மாவீரரைப் பறித்தது. எனவே யார் கண்ணிலும் படாத சிறு வேலையாயினும் அதைச் செம்மையாகச் செய்வோம். கோமரோவிற்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவே.