தோடிக்கு ஏற்ற குழல்

நாதசுரம் என்றால் ராஜரத்தினம். ராஜரத்தினம் என்றால் தோடி! ஒரு காலத்தில் தமிழ்நாடு முழுவதும் இதே பேச்சு.

ஆனால் அந்தத் தோடியை மனம்போல வாசிக்க, முதலில் அவர் கையில் இருந்த குழல் இடம் கொடுக்கவில்லை.

ராஜரத்தினம் பிள்ளை 1898-ம் ஆண்டு திருமருகலில் பிறந்தார். தாய்மாமன் நடேச பிள்ளை, திருவாவடுதுறை ஆதீனத்தின் நாதசுர வித்துவான். அவரே பையனைத் தத்து எடுத்து வளர்த்தார்.

பையன் முதலில் கற்றது வாய்ப்பாட்டு. திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யர் சொல்லிக்கொடுத்தார். பிறகுதான் நாதசுரம் கைக்கு வந்தது. விரல் குழலில் இருந்தாலும், மனம் பாடிக்கொண்டே இருந்தது. பின்னால் நடந்ததற்கெல்லாம் இதுதான் காரணம்.

குட்டைக் குழல்

அந்தக் காலத்தில் வித்துவான்கள் வாசித்தது "திமிரி" நாதசுரம். குட்டையானது, சுருதி அதிகம். சாமி புறப்பாட்டில் நாலு வீதிக்கும் கேட்கும். வீதிக்கு அது சரி.

ஆனால் ஒரு சங்கடம். ச, ரி, க, ம என்பதில் "ம" இரண்டு வகை. பிரதி மத்திமம் அந்தக் குழலில் தானாக வரும். சுத்த மத்திமத்தையோ, மூச்சை அடக்கி, உதட்டால் சீவாளியைப் பிடித்துத்தான் கொண்டுவர வேண்டும். தோடிக்கு வேண்டியது அந்தச் சுத்த மத்திமம்!

மற்றவர்கள் சமாளித்தார்கள். தோடியிலேயே மூழ்கிக் கிடப்பவர் எத்தனை நேரம் சமாளிப்பார்?

ஆசாரியின் பட்டறை

திருவாவடுதுறைக்குப் பக்கத்து ஊர் நரசிங்கம்பேட்டை. அங்கே ரங்கநாதன் ஆசாரி நாதசுரம் கடைவதில் பேர் பெற்றவர். வித்துவான் காதில் இருந்ததை ஆசாரி மரத்தில் தேடினார்.

லேசான வேலையா அது? ஆச்சா மரம் முற்றிக் காய்ந்திருக்க வேண்டும். பழைய வீடு பிரித்த மரம் என்றால் உத்தமம். குழல் நீண்டால் சுருதி இறங்கும். விரல்கள் அகல வேண்டும். துளை ஒரு நூல் தள்ளினாலும் சுரம் கெட்டது!

கடைசியில், நீளமான "பாரி" நாதசுரம் சுத்த மத்திமத்தைச் சுத்தமாகவே பேசியது. சுருதியும் பாடுகிறவர் குரலை ஒட்டி இறங்கியது. ஒத்துக்குப் பதிலாகத் தம்புரா வைத்துக்கொண்டு, பாட்டுக் கச்சேரி போலவே வாசித்தார் ராஜரத்தினம்.

சீவாளி விஷயமும் இப்படித்தான். கொறுக்கைத் தட்டையில் செய்யும் அந்தச் சின்னப் பொருள் இல்லாவிட்டால் நாதசுரம் வெறும் மரம். ஒருவர் மூச்சுக்குப் பொருந்துவது இன்னொருவருக்குப் பொருந்தாது. குழலில் நாலைந்து சீவாளிகள் கட்டித் தொங்குவது அதனால்தான். அழகுக்கு என்று நினைப்பவர்களும் உண்டு!

1940-ல் "காளமேகம்" சினிமாவில் ராஜரத்தினம் நடித்தார். வித்துவான் முகம் ஊருக்கெல்லாம் தெரிந்தது. ஆசாரி பேரோ மேளக்காரர்களுக்குத்தான் தெரியும்.

1956 டிசம்பரில் ராஜரத்தினம் காலமானார். பாரி பரவிவிட்டது. இன்று கல்யாண வீட்டில் நாம் கேட்பது பெரும்பாலும் அதுதான். நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.